ரோபோ ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா? நெஞ்சுக் கட்டிக்காரர்களுக்கு ஒரு வார்டு சிஸ்டர் சொல்வது

"ஏனுங்க சிஸ்டர், மெஷினே வெட்டிப்போடுமுங்களா?" கோவையில் நெஞ்சு அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கிறேன். அட்மிஷன் போடும்போது பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். வெட்டாது. ரோபோ தானாக ஒரு நூலிழைகூட நகராது. சர்ஜன் அதே தியேட்டரில், நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, கன்சோல் என்ற கட்டுப்பாட்டு மேஜையில் முகம் புதைத்து உட்கார்ந்திருப்பார். அவர் விரல் அசைந்தால் உள்ளே இருக்கும் கருவி அசையும். கன்சோலிலிருந்து தலையை எடுத்தாரென்றால் ரோபோவின் கைகள் அப்படியே நின்றுவிடும். நோயாளியின் பக்கத்தில் இன்னொரு டாக்டரும் சிஸ்டரும் கருவிகளை மாற்றிக் கொடுக்க நின்றுகொண்டேதான் இருப்பார்கள்.

இதைச் சொன்னதும் முகம் தெளிந்துவிடும். எனக்குத்தான் கவலை தொடங்கும். மெஷினைப் பற்றி அவ்வளவு விசாரித்தவர்கள், விசாரித்தே ஆக வேண்டிய நாலு விஷயங்களைக் கேட்காமலே வந்திருப்பார்கள். ரோபோ உங்கள் வாழ்க்கையில் இருக்கப்போவது இரண்டிலிருந்து நாலு மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதில் பாதி உங்கள் கையிலும், கூட இருப்பவர் கையிலும் இருக்கிறது. அந்தப் பாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நுரையீரல் கட்டிக்கும் ரோபோ ஆபரேஷன் உண்டு. நான் இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் வரும் கட்டி, குறிப்பாகத் தைமஸ் சுரப்பியில் வரும் தைமோமா. நடுமார்பு எலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால் சற்று மேலே இருக்கிறது தைமஸ். சின்ன வயதில் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பழக்கிவிட்டு, பெரியவர்கள் ஆனதும் சுருங்கிக் கொழுப்பாகிவிடும் சுரப்பி. அதில் கட்டி வந்தால் முன்பெல்லாம் நடுமார்பு எலும்பை ரம்பத்தால் நெடுக அறுத்துத் திறந்துதான் எடுத்தார்கள். இப்போது விலா எலும்புகளுக்கு இடையில் 8 மில்லிமீட்டர் அளவில் மூன்று நான்கு துளைகள் போதும். நெஞ்சுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை மெல்லச் செலுத்தி இடம் உண்டாக்கி, கட்டியைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து எடுத்து, ஒரு பையில் போட்டு, ஒரு துளையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி வெளியே எடுப்பார்கள். பையில் போடுவது கட்டியின் அணுக்கள் வழியில் சிந்தாமல் இருக்க.

நாள் குறிப்பதற்கு முன்

சி.டி. ஸ்கேனில் கட்டி தெரிந்ததும் "ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்கவில்லையே, டெஸ்ட் பண்ணாமலே ஆபரேஷனா?" என்று சொந்தக்காரர்கள் குழப்பிவிடுவார்கள். தைமோமா என்று ஸ்கேனிலேயே நன்றாகத் தெரிந்து, முழுதாக எடுத்துவிடலாம் என்றும் இருந்தால், பல சர்ஜன்கள் வேண்டுமென்றேதான் ஊசி போடுவதில்லை. கட்டியைச் சுற்றியுள்ள உறையைக் குத்தினால் அணுக்கள் நெஞ்சறைக்குள் சிதறலாம் என்ற பயம். லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று சந்தேகம் வந்தால் கதை வேறு. அதற்கு மருந்துதான் சிகிச்சை என்பதால் பயாப்ஸி பார்த்தே ஆக வேண்டும். இளைஞர்களுக்கு ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்று இரண்டு ரத்தப் பரிசோதனை எழுதினால், அது வேறொரு வகைக் கட்டியா என்று பார்ப்பதற்கு. பீட்டா எச்.சி.ஜி.யைக் கர்ப்பம் பார்க்கவும் எடுப்பார்கள் என்பதால் "ஆம்பளைப் பையனுக்கு எதுக்குக் கர்ப்ப டெஸ்ட்" என்று லேபில் சண்டை போட வேண்டாம்.

இதைவிட முக்கியம் மயஸ்தீனியா கிராவிஸ். தைமோமா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தசைச் சோர்வு நோயும் கூடவே இருக்கிறது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் தகவலை உடம்பின் எதிர்ப்பு சக்தியே வழிமறிக்கும் நோய். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு பழைய சமாசாரம். 1936இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற சர்ஜன், மயஸ்தீனியா முற்றிய ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை எடுத்ததிலிருந்து தொடங்குகிறது.

மயஸ்தீனியாவின் அறிகுறி எதுவும் வெளியே தெரியாவிட்டாலும் ஏ.சி.எச்.ஆர். ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனையை ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் கேளுங்கள். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், ஆபரேஷன் முடிந்த பிறகு மூச்சுக் குழாயை எடுக்க முடியாமல் வென்டிலேட்டரிலேயே கிடக்க நேரிடலாம்.

வீட்டிலேயே கவனிக்கக் கூடிய அறிகுறிகள் உண்டு. நோயாளியை உட்கார வைத்து, தலையை அசைக்காமல் மின்விசிறியை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். மயஸ்தீனியா இருந்தால், முதல் சில நொடி இமை ஒழுங்காக நிற்கும். அப்புறம் பெரும்பாலும் ஒரு பக்க இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நெற்றியைச் சுருக்கி அதைத் தூக்கப் பார்ப்பார். சாயங்காலம் ஆனால் இரண்டிரண்டாகத் தெரிவது, சாப்பாட்டின் கடைசி வாய்களில் தாடை ஓய்ந்துபோவது, பேசப் பேசக் குரல் மூக்கால் வருவது, தலை வாரும்போது கை தானாக இறங்குவது: இதில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டர். மயஸ்தீனியாவை முதலில் அடக்கிவிட்டு ஆபரேஷன் செய்வதுதான் முறை. தேவைப்பட்டால் ஐ.வி.ஐ.ஜி. என்ற எதிர்ப்புப் புரத ஊசியோ, ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றமோ செய்து, அதன் பிறகுதான் நாள் குறிப்பார்கள். நல்ல நாள் போய்விடும் என்று அவசரப்படுத்தாதீர்கள்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை

"டா வின்சியா, எந்த மாடல்?" என்று கேட்பதில் பெரிய பயனில்லை. அமெரிக்காவின் டா வின்சி ரோபோவுக்கு 2000இலேயே அங்கே அனுமதி கிடைத்துவிட்டது. நம் நாட்டில் தயாராகும் எஸ்.எஸ்.ஐ. மந்த்ராவும் இப்போது இருக்கிறது. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். படம் முப்பரிமாணத்தில் பெரிதாகத் தெரியும், கருவியின் முனை மணிக்கட்டு மாதிரி வளையும், கை நடுக்கம் வடிகட்டப்படும். இதயத்துக்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள குறுகிய இடத்தில் அந்த வளைவுதான் பெரிய உதவி.

கேட்க வேண்டியது இவை. இந்த ஆபரேஷனை ரோபோவில் எவ்வளவு நாளாகச் செய்கிறீர்கள்? என் கட்டி பெரிய ரத்தக் குழாயையோ இதய உறையையோ ஒட்டியிருக்கிறதா? நடுவில் ரத்தம் வந்தால் அல்லது கட்டி பிரிந்து வராவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு "உடனே திறந்து செய்வோம், அதற்கான ஏற்பாடு தயாராக இருக்கும்" என்ற பதில் வந்தால் நிம்மதி அடையுங்கள். ரோபோவில் தொடங்கித் திறந்து முடித்தால் அது தோல்வி இல்லை. "அப்படியெல்லாம் ஆகவே ஆகாது" என்பவரைப் பார்த்துத்தான் நான் யோசிப்பேன். இதயத்தின் இரண்டு பக்கமும் ஓடும் ஃபிரெனிக் நரம்பைப் பற்றியும் கேளுங்கள். உதரவிதானத்தை அசைக்கும் நரம்பு அது. கட்டி அதோடு ஒட்டியிருந்தால் என்ன முடிவு எடுப்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது, மயஸ்தீனியாக்காரர்களுக்கு இன்னும் முக்கியம்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. உங்கள் ஊர்ப் பக்கம் கைதேர்ந்த சர்ஜன் ஒருவர் ரோபோ இல்லாமல் கேமரா வைத்துத் துளை வழியாகச் செய்யும் வாட்ஸ் முறையில் நிறையச் செய்திருக்கிறார், ரோபோ இருக்கும் இடத்தில் இருப்பவருக்கு இது புதிது என்றால், நான் என் அக்காவை முதலாமவரிடம்தான் அனுப்புவேன். இரண்டிலும் எலும்பை அறுப்பதில்லை, இரண்டிலும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். கட்டி மிகப் பெரிதாக, பெரிய குழாய்களைப் பிடித்துக்கொண்டு இருந்தால் திறந்து செய்வதே சரி. அதைச் சொல்லும் டாக்டரைப் பழைய காலத்து ஆள் என்று ஒதுக்காதீர்கள்.

பணம்

ரோபோவில் ஏன் கூடுதல் பில் என்றால், கருவி முனைகளுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. இத்தனை தடவைதான் என்று அதிலேயே பதிந்திருக்கும். முடிந்ததும் மெஷின் அதை ஏற்காது. அந்தச் செலவு ஒவ்வொரு நோயாளி பில்லிலும் பிரிந்து வரும். காப்பீடு இருந்தால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ரோபோ அறுவை சிகிச்சை நவீன சிகிச்சைகள் பட்டியலில் இருக்கிறது. அதைக் காரணம் காட்டி ஒரேயடியாக மறுக்க முடியாது. ஆனால் உச்சவரம்பு வைக்கலாம், பல பாலிசிகளில் வைத்தும் இருக்கிறார்கள். அதனால் பாலிசிப் புத்தகத்தில் "நவீன சிகிச்சை" என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு டெஸ்க்கில் "ரோபோ சார்ஜ் எவ்வளவு, அதில் எவ்வளவு கிளெய்ம் ஆகும், கைக்காசு எவ்வளவு" என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அரசு மருத்துவமனை என்றால் சென்னை ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையில் 2022இலிருந்து ரோபோ வசதி இருக்கிறது, ஸ்கேன் சி.டி.யோடு நேரில் போய் விசாரிக்கலாம்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

பீடி, சிகரெட்டைக் குறைந்தது நாலு வாரத்துக்கு முன்பே விட வேண்டும். "முந்தின நாள் ராத்திரியோட விட்டாச்சு சிஸ்டர்" என்பவர்கள் சளியைத் துப்ப முடியாமல் படும் பாட்டை ஐ.சி.யூ.வில் நான்தான் பார்க்கிறேன்.

மூன்று பந்து இருக்கும் ஸ்பைரோமீட்டரை இப்போதே வாங்கிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலியில் புதிதாகக் கற்றுக்கொள்வது நடக்காத காரியம். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை நன்றாக மூடிப் பிடித்து, மெதுவாக இழுக்க வேண்டும். மூன்று பந்தும் படாரென்று மேலே போய் விழுந்தால் கூட இருப்பவர்கள் கைதட்டுவார்கள். அதில் பிரயோஜனம் இல்லை. இரண்டு பந்து மேலே போய் மூன்று நொடி அங்கேயே நின்றால் அதுதான் நுரையீரலின் அடிவரைக்கும் காற்று போனதற்கு அடையாளம். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. நடுவில் தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். மயஸ்தீனியா இருப்பவர்கள் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் செய்யட்டும், சோர்ந்துபோகும் வரை செய்ய வேண்டாம்.

மாத்திரைகளைப் பையோடு கொண்டுவந்து மயக்க மருந்து டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள். பெயர் சொல்லத் தெரியாமல் "வெள்ளை மாத்திரை, சின்னது" என்றால் யாருக்கும் புரியாது. ரத்தத்தை இளக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல "கிளிஃப்ளோசின்" என்று முடியும் சர்க்கரை மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய ஸ்டென்ட் வைத்தவர்கள் எதையும் சொந்த முடிவில் நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. டிஸ்டினான், கிராவிட்டார் போன்ற மயஸ்தீனியா மாத்திரையை அன்று காலை போடுவதா வேண்டாமா என்பதை வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுதி வாங்குங்கள்.

மயஸ்தீனியாக்காரர்கள் ஒரு சீட்டில் ஆகாத மருந்துகளை எழுதிப் பர்ஸில் வைத்திருக்க வேண்டும்: ஜென்டாமைசின், அமிகாசின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ப்ரொப்ரனலால், மெக்னீசியம் ஊசி. இதில் பாதி நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் சளி காய்ச்சலுக்குச் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பவை. அதனால் கூட இருப்பவரின் போனிலும் ஒரு போட்டோ இருக்கட்டும்.

அன்று காலை

திட உணவு நிறுத்தி ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் நிறுத்தி இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. உங்களுக்குச் சொன்னது வேறாக இருந்தால் அதன்படி நடங்கள். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் சேராது. நெயில் பாலிஷ் வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப் சரியாகக் காட்டாது. தாலிச் சரடைக் கழற்ற மனமில்லாதவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் நடக்கும் இடம் அதுவே என்பதால் கழற்றித்தான் ஆக வேண்டும்; மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்ள அனுமதிப்பார்களா என்று கேட்கலாம். கடைசி நிமிடத்தில் தியேட்டர் வாசலில் அழுவதைவிட அது மேல்.

வெளியே காத்திருப்பவர்களுக்கு: இரண்டு மணி நேரம் என்று சொன்னது உள்ளே வேலை நடக்கும் நேரம். மயக்கம் கொடுத்து, ஒரு பக்க நுரையீரலை மட்டும் ஓய்வில் வைக்கும் தனிக் குழாயைப் பொருத்தி, ரோபோவைச் சரியான இடத்தில் நிறுத்தவே கணிசமான நேரம் பிடிக்கும். தாமதமானால் பயப்படாமல் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒருவர் மட்டும் வாசலில் இருந்தால் போதும்.

கண் விழித்த பிறகு

தொண்டை கரகரக்கும், குழாய் வைத்ததால். மார்பின் பக்கவாட்டில் ஒரு குழாய் இறங்கி, தரையில் இருக்கும் பாட்டிலுக்குப் போகும். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். காற்றையும் நீரையும் வெளியே விடும் வழி அது. மூச்சு விடும்போது குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கும். அப்படி ஆடினால் குழாய் அடைக்கவில்லை என்று அர்த்தம். இருமும்போது ஒன்றிரண்டு குமிழி வரலாம். விடாமல் கொப்பளித்தாலோ, கலங்கலாக இருந்த நீர் திடீரென்று அடர் சிவப்பாக நிறைய வந்தாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். பாத்ரூம் போகும்போது பாசத்தில் கட்டில் மேலே தூக்கி வைக்கும் மகன்கள் நிறையப் பேர். அப்படித் தூக்கினால் வந்த நீர் திரும்ப உள்ளே போகும். துடைக்க வருபவர் காலில் தட்டிக் கவிழாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

இருமச் சொன்னால் இருமித்தான் ஆக வேண்டும். ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, முன்னால் சற்றுக் குனிந்து, இரண்டு ஆழமூச்சு எடுத்து, மூன்றாவதில் இருமுங்கள். வலி மாத்திரையை வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இருமுவதில்லை. இருமாதவர்களுக்குச் சளி கட்டிக் காய்ச்சல் வரும். மாத்திரை போட்டு அரை மணி கழித்து ஸ்பைரோமீட்டரை எடுத்தால் வேலை சுலபம். அன்று மாலையே உட்கார வைப்போம், மறுநாள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் நடக்க வைப்போம். "இப்பத்தானே ஆபரேஷன் ஆச்சு, படுக்க விடுங்க" என்று சண்டைக்கு வரும் மாமியார்களை நான் சமாளித்துக்கொள்கிறேன், நீங்கள் நடங்கள்.

கழுத்தோரம், தோளோரம் தொட்டால் தோலுக்கு அடியில் அப்பளம் நொறுங்குவது போல இருந்தால் அது தோலடியில் சேர்ந்த காற்று. பெரும்பாலும் தானே கரையும். ஆனால் வீக்கம் பரவினாலோ குரல் மாறினாலோ சொல்ல வேண்டும். மார்புக்குக் கீழே ஒரு பட்டை போல மரத்துப்போவதும், துணி பட்டால் எரிவதும் விலா இடுக்கு நரம்பு நசுங்கியதால். சில வாரத்திலிருந்து சில மாதம் வரை இருக்கலாம்.

மயஸ்தீனியா உள்ளவர்களிடம் தினம் ஒரு சோதனை செய்கிறேன். முழு மூச்சு இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்வேன். நேற்று 32 வரை போனவர் இன்று 18இல் நின்றால், ஆக்ஸிஜன் கிளிப்பில் எண் நன்றாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன். மூச்சுத் தசை சோர்வது ஆக்ஸிஜன் எண்ணில் கடைசியாகத்தான் தெரியும். இதை வீட்டுக்குப் போன பிறகும் காலை மாலை செய்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கட்டியை எடுத்ததும் மயஸ்தீனியா மறுநாளே போய்விடாது. மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். மாத்திரையைக் குறைப்பது நரம்பியல் டாக்டர் வேலை.

வீட்டில்

எலும்பை அறுக்காததால் படியேறுவது, சமைப்பது எல்லாம் சீக்கிரம் முடியும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை, இந்த மூன்றையும் ஒரு மாதம் தூக்க வேண்டாம். துளைகள் ஆறும்வரை குளித்துத் துடைக்கலாம், கிணற்றிலோ வாய்க்காலிலோ இறங்கக் கூடாது. பெண்களுக்குத் துளைகள் மார்பின் அடிமடிப்பில் வரும் என்பதால் கம்பி வைத்த உள்ளாடை உறுத்தும். பருத்தியில் தளர்வாகப் போடுங்கள். வண்டி ஓட்டுவதும் விமானத்தில் போவதும் எக்ஸ்ரேவில் நுரையீரல் முழுதாக விரிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு.

காய்ச்சல், மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, விழுங்கும்போது தண்ணீர் மூக்கில் வருவது, துளையில் சீழ்: இவற்றுக்கு மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். மூச்சும் விழுங்குவதும் என்றால் 108.

பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கி "கேன்சரா இல்லையா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பீரோவில் வைக்காதீர்கள். ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று எந்த வகை, உறையைத் தாண்டியிருக்கிறதா, வெட்டிய விளிம்பில் கட்டி மிச்சம் இருக்கிறதா, இந்த மூன்றையும் விளக்கச் சொல்லுங்கள். ரேடியேஷன் தேவையா என்பது அதைப் பொறுத்துத்தான். தைமோமா மெதுவான கட்டி. திரும்பி வந்தாலும் பெரும்பாலும் பல வருடம் கழித்துத்தான் வரும். அதனால் பத்து வருடமாவது ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய ஸ்கேன் சி.டி.யையும் கூடவே கொண்டுபோங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பழைய படத்தோடு ஒப்பிடாமல் புதிதாக ஒரு புள்ளி வந்திருக்கிறதா, முன்பே இருந்த தழும்பா என்று ரேடியாலஜி டாக்டரால் சொல்ல முடியாது.